வடக்கு பார்த்த சிறிய பால்கனியில் எந்தப் பூச்செடி நிலைக்கும்? (சுங்கை சிப்புட்)

மூன்றாம் மாடிக்காரி

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் நகரை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் நாங்கள் வசிக்கிறோம். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவரை வாசலில் செம்பருத்தியும், கொல்லையில் மல்லிகையும், மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் அரளியுமாகப் பூவுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இப்போது மாமியாரின் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு இரவுச் சந்தையில் காசு கொடுத்து உதிரிப்பூ வாங்குகிறோம்.

எங்கள் பால்கனி ஏறத்தாழ ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உடையது, வடக்கு பார்த்தது, மேல்மாடியின் தளமே அதற்குக் கூரை, முன்புறம் இடுப்பளவுக்குச் சிமெண்டுச் சுவர் இருக்கிறது. துணி காயப்போடும் கம்பியும் அங்கேதான் என்பதால் செடிகளுக்கு மூன்று அல்லது நான்கு தொட்டிகளுக்கு மேல் இடமில்லை. நாற்றுக்கடையில் கேட்டால் எதை எடுத்தாலும் "நன்றாக வரும்" என்கிறார்கள். இலைச்செடிகளும் கொடிகளும் வேண்டாம். குத்துச்செடியாக வளர்ந்து பூக்க வேண்டும். வரவேற்பறை ஜன்னலோரத்தில் ஒன்றிரண்டு வைக்க முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

நீலமணி

அக்கா, இதற்குப் போய்க் கவலைப்பட வேண்டாம். செம்பருத்தி ஒன்று, இட்லிப்பூ ஒன்று, காகிதப்பூ ஒன்று வாங்கி வையுங்கள். கடையில் நீல நிறத்தில் கிடைக்கும் 12:12:17:2 (தழை, மணி, சாம்பல், மக்னீசியச் சத்துகளின் அளவு) உரமணியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டியின் ஓரமாகக் கால் தேக்கரண்டி தூவி வந்தால் போதும். பச்சை நிறத்தில் விற்கும் 15:15:15 இலைக்கானது. நீலத்தில் சாம்பல்சத்து கூடுதலாக இருப்பதால் மொட்டு பிடிக்கும். என் அனுபவத்தில் பூக்காத செடிகளில் பெரும்பாலானவை பட்டினி கிடக்கும் செடிகளே. தரைவீட்டில் இருக்கும் நான் இப்படித்தான் ஆண்டு முழுவதும் பூப் பறிக்கிறேன்.

நாற்றுமேடை

தம்பி நீலமணி சொன்ன உரக்கணக்கில் பிழையில்லை. ஆனால் அது வெயிலில் நிற்கும் செடிக்கான கணக்கு. தரைவீட்டு முற்றத்தில் நிற்கும் செடிக்கும் கூரைக்கு அடியில் நிற்கும் செடிக்கும் ஒரே மருந்து எழுதக் கூடாது.

செம்பனை (எண்ணெய்ப்பனை) நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். பெரிய பைக்கு மாற்றிய கன்றுகளை நாங்கள் முக்கோண முறையில் ஏறத்தாழ மூன்றடி இடைவெளி விட்டு அடுக்குவோம். இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து நெருக்கி வைத்தால் ஒன்றன் நிழல் மற்றொன்றின்மேல் விழுந்து, கன்றுகள் தண்டு மெலிந்து ஒளியைத் தேடி உயர்ந்துவிடும். அப்படி நெட்டையான கன்றுக்கு எத்தனை உரம் போட்டாலும் அது தேறாது. பால்கனியில் நிற்கும் செம்பருத்திக்கும் இதுவே பொருந்தும். இலை பச்சைப்பசேலென்று இருக்கும், கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், மொட்டு மட்டும் வராது. அந்த நிலையில் உரத்தைக் கூட்டினால் செடியால் பயன்படுத்த முடியாத உப்பு மண்ணில் தேங்கி, மேற்பரப்பில் வெள்ளையாகப் படியும். இலையின் ஓரம் கருகும். அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் போதவில்லை என்று கூடுதலாக ஊற்றுவோம், வேர் அழுகும்.

ஆகவே, அம்மா, செடி வாங்குவதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை, மணிக்கு ஒருமுறை பால்கனியைப் பாருங்கள். நேர்வெயில் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் விழுகிறது என்பதைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்துவையுங்கள். செம்பருத்தி, காகிதப்பூ, மல்லிகை ஆகிய மூன்றும் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் இல்லாமல் மனம் நிறையும்படி பூக்க மாட்டா.

தீபாவளிச் செம்பருத்தி

நானும் சுங்கை சிப்புட்தான், வேறு குடியிருப்பு. என் செம்பருத்தி தீபாவளியை ஒட்டிப் பூக்கத் தொடங்கித் தைப்பூசம் தாண்டியும் பூத்துக்கொண்டிருக்கும். பள்ளி ஆண்டிறுதி மழைக்காலத்தில்கூடப் பூ வரும். ஆனால் ஆண்டின் நடுப்பகுதியில், மழை குறைந்து வெயில் அடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு மொட்டும் இருக்காது. அதே தொட்டி, அதே உரம், அதே தண்ணீர். எனவே செம்பருத்திக்கு மழைக்காலமே ஏற்றது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

ஏழாம் புளோக்

எனக்கு நேர் எதிராக நடக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு மொட்டு விடத் தொடங்கி ஆகஸ்டு வரை பூக்கும். தீபாவளிக்கு ஒரு பூ கேட்டால் கிடைக்காது. மேலே எழுதியவரும் நானும் ஒரே ஊரில் இருந்துகொண்டு இப்படி மாறி மாறிச் சொல்வது எனக்கே வியப்பாக இருக்கிறது. நாற்றுமேடை ஐயா விளக்க வேண்டும்.

புவியியல் ஆசிரியர்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் இது செடியின் குணத்தைவிட வானத்தைப் பற்றிய கேள்வி. தீபாவளிச் செம்பருத்தி அவர்களின் பால்கனி தெற்கு பார்த்தும், ஏழாம் புளோக் அவர்களுடையது வடக்கு பார்த்தும் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்.

சுங்கை சிப்புட் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 4.8 பாகையில் இருக்கிறது. சூரியன் ஏப்ரல் முதல் வாரத்தில் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்குப் பக்கம் சாய்ந்து, செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் மீண்டும் உச்சிக்குத் திரும்பித் தெற்கே போய்விடுகிறது. எனவே வடக்கு பார்த்த பால்கனிக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நேர்வெயில் கிடைக்கும். மீதி மாதங்களில் ஒளி இருக்கும், வெயில் இருக்காது. தெற்கு பார்த்த பால்கனிக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். கிழக்கும் மேற்கும் பார்த்தவை மட்டுமே ஆண்டு முழுவதும் நாளில் பாதி வெயிலைப் பெறுகின்றன. இந்தியாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரும் தோட்டக்கலைக் காணொளிகளில் "வடக்குப் பக்கம் நிழல், தெற்குப் பக்கம் வெயில்" என்று பொதுவாகச் சொல்வது அவர்களுடைய அகலாங்குக்குப் பொருந்தும். பேராக்கில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஜூன் இறுதியில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 19 பாகைதான் சாய்கிறது. டிசம்பர் இறுதியில் தெற்கே 28 பாகை வரை சாய்கிறது. ஆகவே தெற்குப் பால்கனிக்குள் வெயில் ஆழமாக நுழையும், வடக்குப் பால்கனிக்குள் மேலோட்டமாகவே நுழையும். கூரை இரண்டே முக்கால் மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், ஜூனில்கூட நண்பகல் வெயில் தரையில் ஒரு மீட்டருக்கும் குறைவான தூரமே உள்ளே வரும். அதிலும் சுவரை ஒட்டிய ஓரடி தூரம் சுவரின் நிழலில் கிடக்கும். மூன்றாம் மாடிக்காரி சகோதரி தொட்டியைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைத்தால், இருக்கும் வெயிலும் செடியின் தலைக்கு மேலேயே போய்விடும். சுவருக்கு உட்புறமாக ஓர் இரும்பு மேசையோ படிக்கட்டுத் தாங்கியோ வைத்து, செடியின் மேற்பகுதி சுவருக்கு மேலே தெரியும்படி உயர்த்த வேண்டும். சுவரின் மேல் தொட்டி வைக்கும் வழக்கம் நம் குடியிருப்புகளில் பரவலாக இருக்கிறது. மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் தொட்டி ஆளைக் கொல்லும் என்பதால் அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம்.

தீபாவளிச் செம்பருத்தி

ஆசிரியர் ஊகித்தது சரி. என் பால்கனி தெற்கு பார்த்தது. இத்தனை நாளும் மழைக்குக் கொடுத்துவந்த பெருமையை வெயிலுக்கு மாற்றிக் கொடுக்கிறேன்.

மூன்றாம் மாடிக்காரி

அப்படியானால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உயர்த்தி வைத்த செம்பருத்தி எனக்குப் பூக்கும் என்று நம்பலாம். மீதி ஆறு மாதங்களுக்கு என்ன செய்வது? தீபாவளி, கார்த்திகை, பொங்கல், தைப்பூசம் எல்லாம் அந்த ஆறு மாதத்துக்குள்தானே வருகின்றன.

பூக்கட்டும் அக்கா

தங்கச்சி, உங்களுக்கு ஏற்றது கனகாம்பரம். தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். ஈப்போவில் பூ விற்கும் கடைகளுக்கு வெளியே இளைய தலைமுறை அதை மறந்தேவிட்டது. முழங்கால் உயரத்துக்கு மேல் அதிகம் போகாத குத்துச்செடி, அரைநிழலில் பூக்கும், கடும் வெயிலில் இலை வெளிறிப்போகும் செடி என்பதால் உங்கள் இடம் அதற்குக் குறையாகாது. மணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பறித்த பூ எளிதில் வாடாமல் இருப்பதால் சரமாகக் கட்டி அம்மன் படத்துக்குப் போட்டால் மறுநாளும் பார்க்க நன்றாக இருக்கும். கதிரில் கீழிருந்து மேலாகப் பூக்கும். பூத்து முடிந்த கதிரை அடியோடு கிள்ளினால்தான் அடுத்த கதிர் விரைவாக எழும். விதைக்காக விட்டால் காய் முற்றியபின் தண்ணீர் பட்டவுடன் பட்டென்று வெடித்து விதை சிதறும்; பக்கத்துத் தொட்டியிலெல்லாம் கன்று முளைப்பதன் இரகசியம் அதுதான். மண் காய்வதை அது பொறுக்காது. வேரில் முடிச்சு முடிச்சாக நூற்புழு பிடிப்பது அதற்கு வழக்கமான நோய் ஆகையால், பழைய தொட்டி மண்ணை மறுபடியும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது நந்தியாவட்டை. அடுக்கு இதழ் உள்ளதும் ஒற்றை இதழ் உள்ளதும் நம் கோயில் வளாகங்களில் நிற்கின்றன. பூசாரியிடம் கேட்டு ஒரு கிளை வெட்டி வந்தால் வேர் விடும். பால் வடியும் வெட்டுவாயைச் சிறிது உலரவிட்டு நட வேண்டும். நேர்வெயில் குறைந்தாலும், வெளிச்சம் நன்றாக இருந்தால் ஓரளவு பூக்கும். வெள்ளைப் பூ ஆகையால் பூசைக்கும் ஏற்றது. வளரவிட்டால் ஆளுயரம் போகும், எனவே ஆண்டுக்கு இரண்டு முறை துணிந்து வெட்டுங்கள்.

இட்லிப்பூ வேண்டுமானால் சிறிய இலையுள்ள குட்டை வகையை வாங்குங்கள். அது புளிப்பு மண்ணை விரும்பும். சிமெண்டுப் பூச்சு உதிர்ந்து விழும் சுவரோரத்தில் வைத்தால், இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. நீல உரத்தால் அது தீராது.

அரளியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பால்கனிக்கு அதைக் கொண்டுவர வேண்டாம். இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. கோயில் வழியில் இருப்பது வேறு, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது வேறு. பாலைவன ரோஜா என்று விற்கும் அடீனியமும் அரளியின் குடும்பந்தான். அதன் பாலும் நஞ்சுதான்.

நீலமணி

கனகாம்பரத்தை ஏற்றுக்கொள்கிறேன். காகிதப்பூவை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் உரமும் தண்ணீரும் இல்லாமல் பூத்துக் குலுங்கும் அந்தச் செடி பால்கனியில் ஏன் வராது?

நாற்றுமேடை

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் அதற்குத் தலைக்கு மேல் கூரை இல்லை. நாள் முழுவதும் வெயில். மண் காய்ந்து காய்ந்து நனைகிறது. காகிதப்பூ மிதமான வறட்சியில்தான் நிறம் காட்டும். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் முள்ளும் இலையுமாக ஓடும். நாம் பூ என்று பார்க்கும் வண்ணப்பகுதி உண்மையில் இலையின் மாற்றுருவம். நடுவில் வெள்ளையாகச் சிறு குழல்போல் இருப்பதே பூ. மேற்கு பார்த்த, மழைச்சாரல் படாத பால்கனி வைத்திருப்பவருக்கு அது அருமையான செடி. வேர் தொட்டியை அடைத்துக்கொண்டு நெருக்கத்தில் இருந்தாலும் பூக்கும் என்பதால் சிறிய தொட்டி போதும். மேலிலை சற்றுத் துவளும் வரை காத்திருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். மேற்குப் பால்கனிக்காரர்கள் அடீனியத்தையும் இதே முறையில் வளர்க்கலாம், நஞ்சைப் பற்றி அக்கா சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு.

ஒரு துணைச்செய்தி. பால்மரத்துக்கு (ரப்பர் மரத்துக்கு) ஒட்டுக் கட்டிப் பழகிய முதியவர்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒரே அடிமரத்தில் மூன்று நான்கு நிறக் காகிதப்பூவை ஒட்டுவது அந்தக் கைகளுக்குப் பெரிய வேலையே அல்ல. சந்தையில் பல நிறச் செடிக்குக் கேட்கும் விலையைக் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் விசாரியுங்கள்.

ஜன்னலோரம்

வீட்டுக்குள் வைப்பது பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. கைப்பேசியில் ஒளியளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு அளந்து பாருங்கள். அது துல்லியமான கருவியல்ல என்றாலும் ஒப்பிடுவதற்குப் போதும். திறந்தவெளி நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்குப் போகும். ஜன்னலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் வரவேற்பறை நாற்காலியில் அது பெரும்பாலும் சில நூறுதான் இருக்கும். நம் கண் இருட்டுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாட்டை நாம் உணர்வதில்லை; செடிக்கு அந்த வசதி இல்லை.

எனவே பூக்கும் குத்துச்செடி எதையும் அறைக்குள் நிரந்தரமாக வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். பூத்த தொட்டியை விருந்தினர் வரும் நாளில் உள்ளே கொண்டுவந்து, இரண்டு மூன்று நாளில் திரும்ப வெளியே வைப்பது நல்ல ஏற்பாடு. உள்ளேயே ஏதாவது பூக்க வேண்டுமென்றால் ஆந்தூரியமும், வெள்ளை மடல் விடும் அமைதி லில்லியும் ஜன்னலை ஒட்டிய மறைமுக ஒளியில் பூக்கும். அவை குத்துச்செடி அல்ல. சகோதரி கேட்டதற்கு முழுப் பதிலும் அல்ல. வெள்ளை எல்.இ.டி. விளக்கைச் செடிக்கு ஓரடி உயரத்தில் கட்டி நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுபவர்கள் இருக்கிறார்கள். சிறிய செடிக்கு அது உதவும். செம்பருத்தியைப் பூக்க வைக்கும் அளவுக்கு விளக்கு வாங்கி மின்கட்டணமும் கட்டுவதற்குப் பதிலாகச் சந்தையில் பூ வாங்குவதே சிக்கனம் என்பது என் கருத்து.

கெரியான் உமி

மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. அடுக்குமாடியில் இரண்டு காரணங்களுக்காகத் தோட்டத்து மண்ணைத் தொட்டியில் போடக் கூடாது. நனைந்த மண் லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். பதினைந்து லிட்டர் தொட்டி ஒன்று இருபது கிலோவைத் தாண்டிவிடும், அதைத் தூக்கிக் கழுவவும் முடியாது, இடம் மாற்றவும் முடியாது. நம் களிமண் தொட்டிக்குள் இறுகிக்கொண்டால் தண்ணீர் மேலேயே நிற்கும் என்பது அடுத்த காரணம்.

நான் ஒரு பங்கு கறுப்பு மண், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு கரியாக்கிய நெல்லுமி என்று கலக்கிறேன். பாரிட் புந்தார், பாகான் செராய் பக்கம் நெல் ஆலைகள் இருப்பதால் பேராக்கில் உமிக்குக் குறைவில்லை. இந்தக் கலவை மண்ணைவிட மிக இலகுவானது. மழைச்சாரல் பட்டாலும் வடிந்துவிடும். நார்த்தூளில் உப்பு தங்கியிருக்கக்கூடும், எனவே இரண்டு மூன்று முறை அலசிவிட்டுக் கலக்கவும். அடியில் ஒரு கைப்பிடி செம்பனைக் கொட்டை ஓடு போட்டால் துளை அடைபடாது என்று பலர் செய்கிறார்கள்; ஒரு துண்டு வலையே அதற்குப் போதும்.

ஆலையிலிருந்து பழம் பிரித்தெடுத்த செம்பனைக் காலிக்குலையை இலவசமாக அள்ளிவந்து தொட்டியில் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் சாம்பல்சத்து மிகுதி என்பது சரியே. ஆனால் மட்காத குலை, மட்கும் வேலைக்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை வெளிறும். அதைவிடப் பெரிய தொல்லை, காண்டாமிருக வண்டு மட்கும் குவியலில்தான் முட்டையிடும். கட்டைவிரல் அளவு வெள்ளைப் புழு உங்கள் தொட்டிக்குள் வேரைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்க விரும்பாதவர்கள் நன்றாக மட்கிக் கறுத்த உரத்தை மட்டும் சலித்துப் பயன்படுத்துங்கள்.

மூன்றாம் மாடிக்காரி

மிக்க நன்றி. அரிசி கழுவிய நீரை ஊற்றலாமா என்று மாமியார் கேட்கிறார்.

கெரியான் உமி

ஊற்றலாம், ஆனால் அதை உரமாகக் கருத வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை, புளிக்காத நீராக, சாதாரணத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றினால் தீங்கில்லை. மூடிய பால்கனியில் தினமும் ஊற்றினால் நாற்றமும் சிறு ஈக்களும் வரும்.

கொசு ஒழிப்புத் தொண்டர்

செடியைப் பற்றிப் பேசும்போது தொட்டியின் அடித்தட்டை மறந்துவிடக் கூடாது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீர் தேங்கும் சிறு பாத்திரங்களின் உட்சுவரில் முட்டையிடுகிறது. நம் வெப்பத்தில் முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். முட்டை வறண்ட தட்டில் பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டில் மணலை நிரப்பிவைத்தால் நீர் மேற்பரப்பாக நிற்காது. கீழ்வீட்டுத் துணியிலும் ஒழுகாது.

நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் சுகாதார அதிகாரிகள் 500 ரிங்கிட் வரை அபராதச் சீட்டு கொடுக்கலாம். பூந்தட்டு அவர்கள் முதலில் பார்க்கும் இடங்களில் ஒன்று.

ஏழாம் புளோக்

கேமரன் மலைக்குப் போனபோது பெரிய உருண்டைப் பூவுள்ள ஹைட்ராஞ்சியாவும் ரோஜாத் தொட்டியும் வாங்கிவந்தேன். வடக்குப் பால்கனியில் அவை எப்படி என்று யாராவது சொல்ல முடியுமா?

பூக்கட்டும் அக்கா

ஹைட்ராஞ்சியாவை இந்தப் பூ உள்ளவரை பார்த்து மகிழுங்கள். கேமரன் மலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள இரவுக் குளிர் இங்கு கிடையாது. அந்தக் குளிரில் மொட்டுக் கட்டும் செடி நம் ஊரில் இலையோடு நின்றுவிடும். ரோஜா இங்கும் பூக்கும், ஆனால் அதற்கும் முழு வெயில் வேண்டும். ஈரக்காற்றில் இலையில் கரும்புள்ளி விழுந்து உதிர்வது தீராத வழக்கு. பழுத்த இலையைத் தொட்டியில் விடாமல் பொறுக்குங்கள். தண்ணீரை இலையில் படாமல் காலையில் அடியில் ஊற்றுங்கள். வடக்குப் பால்கனிக்கு ரோஜாவை நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் மாடிக்காரி

இவ்வளவு விளக்கத்தை எதிர்பார்க்கவில்லை. நான்கு தொட்டி என்று முடிவு செய்திருக்கிறோம்: இரண்டு கனகாம்பரம், ஒரு நந்தியாவட்டை, தாங்கியின் மேல் ஒரு செம்பருத்தி. மல்லிகையை மாமியார் விடவில்லை. அதை மட்டும் தோட்டத்தில் இன்னும் இருக்கும் நாத்தனார் வீட்டு வாசலில் நடச் சொல்லிவிட்டோம். செம்பருத்தியை அங்கிருந்தே கொண்டுவந்துவிட்டேன். அதன் கொழுந்தில் பஞ்சுபோல் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, எறும்பும் ஏறுகிறது. அத்துடன், இப்போது வெயில் இல்லாத மாதங்களில் அதை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

பூக்கட்டும் அக்கா

அது மாவுப்பூச்சி. எறும்பு அதைத் தின்ன வரவில்லை. அது கசியும் இனிப்பு நீருக்காக அதைக் காவல் காத்து, கிளைக்குக் கிளை பரவ வழிவகுக்கிறது. அதிகமாக ஒட்டிய கொழுந்தை வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். மீதியைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பும் ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் கலக்கி, மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை, பூச்சி ஓயும்வரை. தாங்கியின் கால்களை எண்ணெய் தடவிய துணியால் சுற்றினால் எறும்பு ஏறாது. தண்ணீர்க் கிண்ணத்தில் காலை நிறுத்தினால் தொண்டர் வந்து கேட்பார். பூச்சி முற்றிலும் போகும்வரை மற்ற மூன்று தொட்டிகளையும் அதனோடு சேர்க்காதீர்கள்.

நாற்றுமேடை

வெயில் இல்லாத மாதங்களில் செம்பருத்திக்கு உரத்தை நிறுத்திவிடுங்கள், அம்மா. விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் கொடுங்கள். மழைக்காலத்திலும் கூரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் மழை விழாது என்பதால் இந்தச் சோதனை எல்லா மாதத்துக்கும் தேவை. மார்ச் இறுதியில் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து வெட்டுங்கள். செம்பருத்தி புதிய கொழுந்தின் நுனியில்தான் மொட்டு வைக்கும்; ஏப்ரலில் வெயில் உங்கள் பக்கம் திரும்பும்போது புதுத்தளிர் தயாராக இருக்க வேண்டும். நீலமணித் தம்பியின் உரத்தை அப்போது தொடங்கலாம்.

வெட்டிய கிளைகளை எறிய வேண்டாம். பென்சில் கனமுள்ள துண்டுகளை ஈர மணலில் நட்டு நிழலில் வைத்தால் வேர் விடும். எதிர்ப் புளோக்கில் தெற்கு பார்த்த பால்கனி வைத்திருப்பவருக்கு ஒன்று கொடுத்துவைத்தால், அக்டோபரிலிருந்து அவர் வீட்டில் பூக்கும்போது உங்கள் மாமியாரின் பூசைத் தட்டுக்கு அங்கிருந்து இரண்டு பூ வரலாம்.